ரத்தத்தில் வென்ற செல் சிகிச்சை கட்டியில் திணறுவது ஏன்?

மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற ரத்தப்புற்றுச் செல் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. அந்தச் செய்தியைப் படித்த குடும்பங்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அப்பாவுக்கு இரைப்பையில கேன்சர். அந்த செல் ட்ரீட்மென்ட் அவருக்குச் செய்யலாமா?"

இன்றைய பதில், முடியாது. நெக்ஸ்கார்19, ஆன்டிபாடியை உருவாக்கும் வெள்ளணுவான பி செல்லில் தோன்றும் ரத்தப்புற்றுக்கும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுக்கும் மட்டுமே. இரைப்பை, கணையம், நுரையீரல், மூளை என்று உறுப்பில் கட்டியாக வளரும் புற்றுநோய்க்கு அதைக் கொடுத்தால் ஒரு பயனும் இராது. இதைப் பணத்தோடும் வசதியோடும் முடிச்சுப் போட்டுப் புரிந்துகொள்பவர்கள் நிறையப் பேர். உண்மையான காரணம் உடலுக்குள் இருக்கிறது.

டி செல் என்பது நம் ரத்தத்தில் ஓடும் கொலைகார வெள்ளணு. அதை நோயாளியிடமிருந்து எடுத்து, ஒரு செயற்கை ஏற்பிக்கான மரபணுவை உள்ளே நுழைத்து, பெருக்கி, அவருக்கே திருப்பி ஏற்றுவதுதான் கார்-டி சிகிச்சை. அந்த ஏற்பியின் வெளி முனை ஓர் ஆன்டிபாடியின் துண்டு. எதிரியின் மேல்தோலில் உள்ள புரதத்தைத் தொட்டு அடையாளம் காண்பது அதன் வேலை. உள் முனையில் இரண்டு பாகங்கள். ஒன்று 'கொல்' என்று கட்டளையிடும். சிடி28 அல்லது 4-1பிபி என்ற மற்றது 'பெருகு, தாக்குப்பிடி' என்று சொல்லும். இந்த இரண்டாவது பாகம் இல்லாத முதல் தலைமுறைச் செல்கள் உடலில் நிலைக்காமல் போனதால்தான் 1990களின் முயற்சிகள் பெரிதாகப் பலன் தரவில்லை.

ரத்தப்புற்றில் இந்த ஏற்பி தேடுவது சிடி19 என்ற புரதத்தை. அது புற்றுச் செல்லில் மட்டும் இருப்பதில்லை, நல்ல பி செல் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. ஆகவே சிகிச்சை வேலை செய்தால் புற்றோடு சேர்ந்து உடலின் பி செல்கள் மொத்தமும் அழிந்துபோகும். அப்படியும் நோயாளி பிழைத்துக்கொள்கிறார். பி செல் இல்லாததால் குறையும் இம்யூனோகுளோபுலினை, அதாவது ஆன்டிபாடிகளை, மாதம் ஒரு முறை ஊசி வழியாக ஏற்றிச் சமாளிக்கலாம். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் முதல் கார்-டி மருந்தான கிம்ரியாவுக்கு அனுமதி கிடைத்ததற்கு அடியில் இருக்கும் ரகசியம் இதுதான்: இழந்தால் தாங்கிக்கொள்ளக்கூடிய ஒரு திசுவை மனித உடல் நமக்கு விட்டுக்கொடுத்தது.

நுரையீரலை அப்படி விட்டுக்கொடுக்க முடியாது. ஈரலையும் இதயத்தையும் முடியாது. கட்டிப் புற்றின் மேல் இருக்கும் புரதங்களில் பெரும்பாலானவை ஏதோ ஓர் உயிர்நாடி உறுப்பிலும் கொஞ்சமாவது இருக்கின்றன. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு ஆபத்தானது என்பதை 2010ல் வெளியான ஓர் அறிக்கை காட்டியது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில், பெருங்குடல் புற்று ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவிய ஒருவருக்கு ஹெர்2 புரதத்தைத் தேடும் 1,000 கோடிக் கார்-டி செல்களை ஏற்றினார்கள். 15 நிமிடத்தில் மூச்சுத் திணறல். ஐந்தாம் நாள் அவர் இறந்துபோனார். நுரையீரலின் உட்சுவர்ச் செல்களில் இருந்த மிகக் குறைந்த அளவு ஹெர்2வை அந்தச் செல்கள் அடையாளம் கண்டுவிட்டன என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. அதே ஹெர்2வைக் குறிவைக்கும் ஆன்டிபாடி மருந்தை மார்பகப் புற்று நோயாளிகள் வருடக்கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆன்டிபாடிக்குத் தாங்கும் திசு டி செல்லுக்குத் தாங்காது. ஆன்டிபாடி ஒட்டிக்கொண்டு நிற்கும், நாளாக ஆகக் குறையும். டி செல் ஒட்டும், கொல்லும், பெருகும், அடுத்ததைத் தேடிப் போகும்.

மூன்று ஆண்டுகள் கழித்து இன்னொரு பாடம் வந்தது. மேஜ்-ஏ3 என்ற புரதம் வயதுவந்த உடலில் விந்தகத்தைத் தவிரப் பெரும்பாலும் புற்றுச் செல்லில்தான் இருக்கும். அதனால் பாதுகாப்பான இலக்கு என்று நம்பினார்கள். இங்கே பயன்படுத்தியது கார் அல்ல, டிசிஆர் எனப்படும் டி செல்லின் இயல்பான ஏற்பி. மேஜ்-ஏ3ஐத் தேடும் அந்த ஏற்பியின் பிடிப்பை ஆய்வகத்தில் இன்னும் கூர்மையாக்கி, மெலனோமா என்ற தோல் புற்று நோயாளி ஒருவருக்கும் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்று நோயாளி ஒருவருக்கும் கொடுத்தார்கள். இருவரும் சில நாட்களில் இதயம் செயலிழந்து இறந்தார்கள். இதயத் தசையில் மேஜ்-ஏ3 இல்லவே இல்லை. தேடித் துருவியபோது டைட்டின் என்ற தசைப் புரதத்தின் ஒரு சிறு துண்டு அதைப் போலவே இருப்பது தெரிந்தது. முன்கூட்டியே சோதிக்கவில்லையா என்றால், சோதித்திருந்தார்கள். ஆனால் கிண்ணத்தில் வழக்கமாக வளர்க்கும் இதயச் செல்கள் துடிப்பதில்லை, அவற்றில் டைட்டினும் போதிய அளவில் உருவாவதில்லை. ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த, துடிக்கும் இதயச் செல்களை வைத்தபோதுதான் டி செல்கள் பாய்ந்து தாக்கின. கட்டிப் புற்றுக்கான ஒவ்வொரு புது ஏற்பியும் மனிதருக்குப் போவதற்கு முன் இத்தனை வகைச் செல்களோடு மோதவிட்டுப் பார்க்கப்படுவதற்கு அந்த இரண்டு உயிர்கள்தான் காரணம்.

ஆக, கட்டிப் புற்றுக்குச் செல் சிகிச்சை செய்ய முயலும் எந்தக் குழுவும் முதலில் விடை சொல்ல வேண்டியது, நல்ல திசுவில் எதை எவ்வளவு இழக்கலாம் என்பதற்குத்தான். இதுவரை கிடைத்த நல்ல விடைகளில் ஒன்று இரைப்பையிலிருந்து வந்தது. கிளாடின் 18.2 என்ற புரதம் இரைப்பையின் உள்தோலில் செல்லோடு செல்லை ஒட்டவைக்கும் பசை போன்றது. நல்ல தோலில் அது இரு செல்களின் இடுக்குக்குள் புதைந்திருப்பதால் டி செல்லுக்கு எளிதில் எட்டாது. புற்றில் செல் வரிசை குலைந்துவிடுவதால் அது வெளியே தெரியும். இதைக் குறிவைத்துச் சீனாவில் உருவான சாட்ரி-செல், கட்டிப் புற்றில் கார்-டி செல்லை மற்றச் சிகிச்சைகளோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல முடிவுசெய்த முதல் ஆய்வைக் கண்டது. முடிவு 2025ல் வெளியானது.

அந்த எண்களைக் கூட்டாமல் குறைக்காமல் பார்க்க வேண்டும். மொத்தம் 156 பேர். எல்லோரும் ஏற்கெனவே இரண்டு சுற்றுச் சிகிச்சையாவது தோற்றவர்கள். 104 பேர் கார்-டி பக்கம், 52 பேர் மருத்துவர் தேர்ந்தெடுத்த மருந்துப் பக்கம். நோய் முற்றாமல் இருந்த காலத்தின் இடைநிலை 3.25 மாதம், எதிர்ப்பக்கம் 1.77 மாதம். உயிர்வாழ்ந்த காலம் 7.92 மாதம், எதிர்ப்பக்கம் 5.49 மாதம். கார்-டி பக்கம் ஒதுக்கப்பட்ட 104 பேரில் 88 பேருக்குத்தான் செல் ஏற்ற முடிந்தது. மற்றவர்களுக்கு அந்தக் கட்டமே வரவில்லை. மாதக் கணக்கில் இது சிறிய ஆதாயம்தான். ஆனால் இந்தக் கட்டத்து நோயாளிகளிடம் எந்த மருந்தும் பெரிதாக நகர்த்தாத எல்லையை இது நகர்த்தியிருக்கிறது, அதனால் இதை முக்கியமான முடிவாகவே கருத வேண்டும். கொடுத்த விலையும் தெளிவாகத் தெரிந்தது: இரைப்பையின் உள்தோல் புண்ணாகி, வாந்தியும் வலியும். அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது.

இலக்குக் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியதாகத்தான் அர்த்தம். ரத்தப்புற்றில் ஏற்றிய செல் ரத்தக் குழாய்க்குள் இறங்கியவுடனே எதிரியைச் சந்திக்கிறது. கட்டியில் அது ரத்தக் குழாயின் சுவரைத் துளைத்து வெளியே வர வேண்டும், கொலாஜன் நார் வேலியைத் தாண்ட வேண்டும், பிராணவாயு குறைந்து லாக்டிக் அமிலம் தேங்கிய இடத்தில் நின்று சண்டை போட வேண்டும். கட்டி சும்மா இருப்பதில்லை. டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தைச் சுரந்து டி செல்லை முடக்கும், பிடி-எல்1 என்ற கொடியைத் தூக்கி 'நிறுத்து' என்று சொல்லும். இடைவிடாமல் எதிரியைத் தொட்டுக்கொண்டே இருக்கும் டி செல் சில வாரங்களில் களைத்துப்போகும். அதன் மரபணுக்களே பூட்டப்பட்டு, உயிரோடு இருந்தும் கொல்லாத நிலைக்கு வந்துவிடும். கணையப் புற்றில் கட்டியின் கன அளவில் பெரும்பகுதி புற்றுச் செல்லே அல்ல, நார்த்திசுதான். அங்கே செல் சிகிச்சை இன்னும் வாசலிலேயே நிற்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

மூளையில் இந்தச் சிக்கலுக்குக் குறுக்குவழி ஒன்று உண்டு. தலைத்தோலுக்கு அடியில் ஒரு சிறு குமிழைப் பொருத்தி, அதிலிருந்து மூளையின் நீர் அறைக்குள் குழாய் விட்டு, செல்லை நேரே அங்கே செலுத்துகிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் குழந்தைகளின் மூளைத்தண்டுக் கட்டிக்கு கட்டியின் மேல் இருக்கும் ஜிடி2 என்ற மூலக்கூறைத் தேடும் கார்-டி செல்களை முதலில் ரத்தத்தின் வழியாகவும் பிறகு இப்படியும் கொடுத்து, சிலருக்குக் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியதையும் ஒருவருக்கு முழுதாக மறைந்ததையும் 2024ல் வெளியிட்டார்கள். இங்கே ஆபத்து வேறு விதமானது. செல் வேலை செய்யத் தொடங்கினால் கட்டி முதலில் வீங்கும். மூளைத்தண்டில் வீங்க இடமில்லை. அதனால் குமிழில் ஊசி போட்டு நீரை இறக்கி அழுத்தத்தைக் குறைக்கவும், ஸ்டீராய்டு கொடுக்கவும் ஆட்கள் இரவு பகலாகத் தயாராக இருக்க வேண்டும். அதே ஜிடி2 இலக்கோடு ரோமில் உள்ள பம்பினோ ஜேசு மருத்துவமனை, நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புச் செல் புற்று பெரும்பாலும் மீண்டும் வந்த அல்லது சிகிச்சைக்கு அடங்காத 27 குழந்தைகளுக்குச் சிகிச்சை தந்தது. 17 பேருக்குப் பலன், அதில் 9 பேருக்கு நோய் முழுதாக மறைந்தது. அவர்களது செல்லுக்குள் ஒரு தற்கொலை ஸ்விட்ச் உண்டு. நிலைமை கைமீறினால் குறிப்பிட்ட மருந்தை ஏற்றி, போட்ட செல்களைச் சாகடிக்கலாம். ஒரு குழந்தைக்கு அதை இயக்கவும் செய்தார்கள்.

இதுவரை சொன்னவை நாம் இலக்கைத் தேர்ந்தெடுத்துச் செல்லுக்குக் கற்றுக்கொடுக்கும் முறைகள். இன்னொரு முறையில் அந்தத் தேர்வை உடலிடமே விட்டுவிடுகிறோம். கட்டிக்குள் ஏற்கெனவே நுழைந்து, அதை அடையாளம் கண்டு, எண்ணிக்கை போதாமல் தோற்றுக்கிடக்கும் டி செல்களை வெளியே எடுத்துப் பெருக்கித் திருப்பி அனுப்புவது அது. டில் சிகிச்சை என்பார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அறுவை மருத்துவர் ஸ்டீவன் ரோசன்பெர்க் 1988லேயே மெலனோமாவில் செய்து காட்டியது. அந்த வகையில் முதல் மருந்தான லிஃபிலூசெல்லுக்கு அமெரிக்க அனுமதி கிடைக்க 2024 பிப்ரவரி ஆயிற்று.

செய்முறை இப்படி. அறுவை மருத்துவர் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கட்டியை, அழுகிய நடுப்பகுதி இல்லாததாகப் பார்த்து, எடுக்கிறார். மேசையில் அதன் கொழுப்பை நீக்கி, குளிர்ந்த ஊடகத்தில் போட்டு அனுப்புகிறார்கள். ஆய்வகத்தில் அதை இரண்டு மூன்று மில்லிமீட்டர் துண்டுகளாக, ஏறக்குறைய உடைத்த அரிசிக் குருணை அளவுக்கு, நறுக்குகிறார்கள். டி செல்லை வளரத் தூண்டும் இன்டர்லூகின்-2 கலந்த நீரில் போட்டால், சில நாட்களில் துண்டுகளிலிருந்து டி செல்கள் தாமாக ஊர்ந்து வெளியே வரும். அவற்றை வேகமாகப் பெருக்கினால் மொத்தம் 22 நாளில் 750 கோடி முதல் 7,200 கோடி வரை செல்கள் தேறும். கார்-டிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 20 லட்சம் போதும் என்ற இடத்தில், டில்லுக்கு ஏன் இத்தனை என்றால், இந்தக் கூட்டத்தில் எது கட்டியை அடையாளம் காணும் செல், எது வழிப்போக்கன் என்று பிரித்துச் சொல்ல முடியாது. மொத்தமாகத்தான் அனுப்ப வேண்டும்.

செல் தயாராவதற்குள் நோயாளியைத் தயார்ப்படுத்த வேண்டும். அதற்கு இரண்டு கீமோ மருந்துகள்: சைக்ளோபாஸ்பமைடு கிலோவுக்கு 60 மில்லிகிராம் இரண்டு நாள், ஃப்ளூடராபின் ஐந்து நாள். கட்டியை அழிக்க அல்ல, உடலில் ஏற்கெனவே இருக்கும் வெள்ளணுக்களைக் காலிசெய்து புதியவற்றுக்கு இடமும் வளர்ச்சிச் சத்தும் ஒதுக்க. செல்லை ஏற்றிய பிறகு இன்டர்லூகின்-2, கிலோவுக்கு 6 லட்சம் யூனிட், 8 முதல் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, அதிகபட்சம் ஆறு முறை. அநேகமாக நோயாளி மிகவும் துவண்டுபோவது இந்த மருந்தால்தான். நுண்குழாய்கள் கசிந்து ரத்த அழுத்தம் விழும், சிறுநீர் குறையும், நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். இதயமும் சிறுநீரகமும் பலவீனமானவர்களை முதலிலேயே விலக்குவதற்குக் காரணம் டி செல் இல்லை, இந்தக் கூட்டு மருந்துகளே.

பலன்? கட்டியின் 'நிறுத்து' கொடியை முறியடிக்கும் பிடி-1 மருந்து கேட்காமல் போன மெலனோமா நோயாளிகளில் சுமார் 31 சதவீதத்தினருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. ஐந்து ஆண்டு கழித்தும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் உயிரோடு இருந்தார். நெதர்லாந்தும் டென்மார்க்கும் சேர்ந்து 168 பேரிடம் நடத்திய ஆய்வில் டில் பெற்றவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த காலம் 7.2 மாதம், இபிலிமுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து பெற்றவர்களுக்கு 3.1 மாதம். மெலனோமாவில் இது வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிரால் அந்தப் புற்றில் மரபணு மாற்றங்கள் குவிந்திருக்கும். மாற்றம் அதிகம் என்றால் 'இது நம் உடல் அல்ல' என்று டி செல் பிடித்துக்கொள்ளும் புதுப் புரதத் துண்டுகளும் அதிகம். நல்ல திசுவில் அவை கிடையாது, எனவே இழப்பும் குறைவு. மாற்றம் குறைந்த புற்றுகளில் இந்த வாய்ப்புச் சுருங்கிவிடுகிறது.

தயாரிப்பில் என்ன பிசகும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இங்கே மருந்து என்பது அந்த நோயாளியின் செல்லேதான், மாற்று பாட்டில் கிடையாது. கார்-டியில் ஆரம்பம் லூக்காஃபெரிசிஸ். மூன்று முதல் ஐந்து மணி நேரம் ரத்தத்தை இயந்திரத்தின் வழியே சுற்றவிட்டு வெள்ளணுவை மட்டும் பிரித்து எடுப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதடும் விரல் நுனியும் மரத்துப்போகும். கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும். பிறகு டி செல்லைத் தூண்டி, முடக்கப்பட்ட வைரஸ் வழியே மரபணுவைச் செலுத்தி, ஒரு வாரம் பத்து நாள் பெருக்கி, உறைய வைக்கிறார்கள். கிருமி, நச்சு, உயிரோடுள்ள செல்லின் விகிதம், ஏற்பி பொருந்திய செல்லின் விகிதம், ஒரு செல்லுக்குள் எத்தனை மரபணுப் பிரதி என்று சோதனை முடிந்த பிறகே மருத்துவமனைக்கு வரும். பல சுற்றுக் கீமோவில் அடிபட்ட டி செல்கள் பெருகாமல் நின்றுவிடுவது அடிக்கடி நேரும் தோல்வி. மிக அரிதான ஒன்றும் பதிவாகியிருக்கிறது: தயாரிப்பின்போது ஒரே ஒரு ரத்தப்புற்றுச் செல் கலந்துபோய், அதற்குள்ளும் மரபணு நுழைந்துவிட்டது. அந்த ஏற்பி தன் சொந்தச் சிடி19ஐயே மூடி மறைத்துக்கொள்ள, கார்-டி கண்ணுக்குத் தெரியாத புற்று வளர்ந்து நோயாளி இறந்தார்.

ஏற்றிய பிறகு வரும் காய்ச்சலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டி செல்கள் பெருகும்போது சைட்டோகைன்கள் என்ற அழற்சிப் புரதங்கள் வெள்ளமாகப் பாயும். 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே அந்தப் பாதிப்பின் முதல் நிலை. ரத்த அழுத்தம் விழுந்தால் அடுத்த நிலை. அந்த வெள்ளத்தை அடக்கும் டோசிலிசுமாப் கிலோவுக்கு 8 மில்லிகிராம் கையிருப்பில் இல்லாத இடத்தில் இந்தச் சிகிச்சையைத் தொடங்கவே கூடாது. மூளை பாதிப்பை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் ஸ்கேன் இல்லை, ஒரு நோட்டுப் புத்தகம். நோயாளியிடம் தினமும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். நேற்று வரை வரிசையாக வந்த எழுத்து இன்று கோட்டுக்குக் கீழே சரிந்து, எழுத்தின் மேல் எழுத்து ஏறிக் கிடந்தால், பேச்சு தெளிவாக இருக்கும்போதே எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று அர்த்தம். 100லிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணுவது, ஊர்ப் பெயரும் மாதமும் சொல்வது எல்லாம் அதே பத்து மதிப்பெண் சோதனையில் சேரும். நோயாளி தன் தாய்மொழியில் எழுதினால்தான் இந்தச் சோதனை சரியாக இருக்கும். தமிழில் மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், சரிவு எது, பழக்கமின்மை எது என்று யாருக்கும் புரியாது.

மேஜ்-ஏ3 ஆய்வில் பார்த்தது போல, செல்லுக்குள் இருக்கும் புரதத்தைக் குறிவைக்கும் டிசிஆர் வகைக்கு இந்தியர்கள் கவனிக்க வேண்டிய தடை ஒன்று இருக்கிறது. செல்லுக்குள் உள்ள புரதங்களின் துண்டுகளை எச்எல்ஏ என்ற மூலக்கூறுகள் தட்டு போல ஏந்தி வெளியே காட்டும்; அந்தத் தட்டு ஆளுக்கு ஆள் மாறும். சைனோவியல் சார்கோமா என்ற மென்திசுப் புற்றுக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அஃபாமி-செல், மேஜ்-ஏ4 துண்டை எச்எல்ஏ-ஏ02 என்ற தட்டில் வைத்துக் காட்டும் நோயாளிக்கு மட்டுமே வேலை செய்யும். 44 பேரில் 43 சதவீதத்தினருக்குப் பலன் கிடைத்தது. அனுமதிக்கப்பட்ட தட்டு வகைகள் 02:01, 02:02, 02:03, 02:06. இந்தியர்களிடம் பரவலாகக் காணப்படும் 02:11 அந்தப் பட்டியலில் இல்லை. மேற்கில் வடிவமைத்த ஏற்பியை அப்படியே கொண்டுவந்தால் இங்கே பலருக்குப் பொருந்தாது. நெக்ஸ்கார்19 வந்ததால் 30 - 40 லட்ச ரூபாய்க்கு ரத்தப்புற்றுச் சிகிச்சை சாத்தியமானது போல, நம் தட்டு வகைகளுக்கான ஏற்பிகளையும் நாம்தான் உருவாக்கியாக வேண்டும்.

கட்டிப் புற்று உள்ளவரின் குடும்பம் இன்று என்ன செய்யலாம்? 'இம்யூன் செல் தெரபி' என்று சொல்லிப் பல லட்சம் கேட்கும் இடத்தில், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். எண் காட்டாத இடத்தில் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். உண்மையான ஆய்வு ஏதேனும் திறந்தால் முதலில் கேட்கப்படுவது பயாப்சித் திசுவை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக், அடுத்து எச்எல்ஏ வகை, இதயத்துக்கு எக்கோ, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், லிம்போசைட் என்ற வெள்ளணுவின் எண்ணிக்கை. இதில் பிளாக் மட்டும் போனால் வராது. ஊர் மாறி மருத்துவமனை மாறும்போது ரிப்போர்ட் காகிதத்தோடு நின்றுவிடாமல், பழைய இடத்தின் நோய்க்குறியியல் பிரிவில் எழுதிக் கொடுத்து அந்த மெழுகுப் பிளாக்கையும் வாங்கி, வெயில் படாத இடத்தில், எண் அழியாமல் வைத்திருங்கள். கிளாடினா, மேஜ்-ஏ4ஆ என்று சாயம் ஏற்றிப் பார்ப்பது அதில்தான்.